எடை திரும்பவில்லை, வலி திரும்பியது

"எனக்கு லிப்பிடீமா. மாவுச்சத்தைக் குறைத்தால் கால் மெலியுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். காலின் சுற்றளவு சற்றுக் குறையலாம், ஆனால் அதைவிட வலி குறைய வாய்ப்பு இருக்கிறது. எடையும் வலியும் ஒன்றாகவே ஏறி இறங்குவதில்லை.

லிப்பிடீமா என்பது கொழுப்புத் திசுவின் நாள்பட்ட கோளாறு. கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வருகிறது. பருவமடையும்போதோ கர்ப்பத்தின்போதோ மாதவிடாய் நிற்கும்போதோ தொடங்கும், அல்லது கூடும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களிலும் ஒரே சீராகக் கொழுப்பு சேரும், பாதத்தை மட்டும் விட்டுவிடும். அழுத்தினால் வலிக்கும். லேசாக இடித்துக்கொண்டாலே கன்றிப்போகும். பட்டினி கிடந்தால் முகமும் வயிறும் வற்றும், கால் பெரும்பாலும் அசைந்து கொடுக்காது.

நார்வேயில் நடந்து 2022இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 9 பெண்கள் 7 வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு சாப்பிட்டார்கள். எடையும் குறைந்தது, வலியும் குறைந்தது. அப்புறம் 6 வாரம் வழக்கமான பரிந்துரை உணவுக்கு மாறினார்கள். குறைந்த எடை அப்படியே நின்றது, வலி மட்டும் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது! 2024இல் 70 பெண்களை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. இரு குழுக்களுக்கும் நாளுக்கு 1200 கலோரிதான். மாவுச்சத்தைக் குறைத்த குழுவில் வலி தணிந்தது, கொழுப்பைக் குறைத்த குழுவில் தணியவில்லை. எடை எவ்வளவு குறைந்தது என்பதற்கும் வலி எவ்வளவு குறைந்தது என்பதற்கும் தொடர்பு தென்படவில்லை.

சரி, வலியைக் குறைப்பது எது? எனக்கு மிகவும் பிடித்த பதில் உப்பில் இருக்கிறது.

மாவுச்சத்து சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், இன்சுலின் சுரக்கும். இது பள்ளியில் படித்ததுதான். அதே இன்சுலின் சிறுநீரகத்திடமும் பேசுகிறது என்பதைப் பாடப்புத்தகம் அதிகம் சொல்வதில்லை. சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதில் போகும் சோடியத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் நுண்குழாய்களின் சுவர் வழியாகத் திரும்ப ரத்தத்துக்கே வந்துவிடும். இன்சுலின் இந்த மீட்பை இன்னும் முடுக்கிவிடுகிறது. மாவுச்சத்து குறைந்து இன்சுலின் தாழ்ந்தால் மீட்பு தளரும், சோடியம் சிறுநீரில் வெளியேறும், தண்ணீரும் கூடவே போகும். முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதும் தலை சுற்றுவதும் பெரிதும் இதனால்தான்.

இப்போது காலுக்கு வருவோம். வழக்கமான எம்ஆர்ஐ, ஹைட்ரஜன் அணுக்கருவின் சமிக்ஞையைக் கேட்கிறது. அதே கருவியைச் சோடியத்தின் அலைவரிசைக்கு மாற்றி வைக்கலாம். உடலில் சோடியம் ஹைட்ரஜனைவிட மிகக் குறைவு, அதனால் சமிக்ஞை மங்கலாகத்தான் வரும். ஆனாலும் எங்கே எவ்வளவு உப்பு இருக்கிறது என்று படமாகவே தெரியும். 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இப்படிக் கெண்டைக்காலைப் படம் எடுத்தார்கள். வயதும் உடல்பருமனும் ஒத்த மற்ற பெண்களைவிட லிப்பிடீமா உள்ளவர்களின் தோலிலும் அதன் கீழுள்ள கொழுப்பிலும் சோடியம் கூடுதலாக இருந்தது. செல்களுக்கு நடுவே எதிர்மின்னூட்டம் கொண்ட நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. நேர்மின்னூட்டம் கொண்ட சோடியம் அவற்றில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். அப்படித் தேங்கும் உப்பு நோயெதிர்ப்புச் செல்களைச் சீண்டி அழற்சியைத் தூண்டவும் கூடும், வலி அதிலிருந்து வரலாம்.

உணவு மாறியதும் இந்தத் தேக்கம் கரைகிறதா? அதே எம்ஆர்ஐயை உணவுமாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மாவுச்சத்து மிகக் குறையும்போது கல்லீரல் கொழுப்பிலிருந்து தயாரிக்கும் எரிபொருளான கீட்டோனுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற கீட்டோன் செல்லுக்குள் அழற்சியைக் கிளப்பும் ஒரு புரத இயந்திரத்தையே தடுக்கிறது என்று 2015இல் எலிகளிலும் மனிதச் செல்களிலும் காட்டினார்கள்.

அமெரிக்க மருத்துவர்கள் ஆலனும் ஹைன்ஸும் இந்த நோயை விவரித்தது 1940இல். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்கெனத் தனி எண் நடைமுறைக்கு வந்தது 2022இல். இடைப்பட்ட காலமெல்லாம் எத்தனையோ பெண்கள் "வாயைக் கட்டு" என்ற ஒரே அறிவுரையைக் கேட்டுக்கொண்டு வலியோடு நடந்திருக்கிறார்கள். 9 பேர், 70 பேர் என்று ஆய்வு சுருங்கிக் கிடப்பது எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. இதற்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். அந்த இடைவெளியில்தான் நச்சு நீக்கும் பொடி விற்பவர்கள் புகுந்துகொள்கிறார்கள்.

அந்த வாசகிக்கு: முயன்று பார்ப்பதானால் எடையோடு வலியையும் தினமும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிட்டு எழுதி வையுங்கள். நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவரானால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். உப்பும் சர்க்கரையும் ஒரேயடியாக இறங்கும்போது பழைய மருந்தளவு அதிகமாகிவிடும்.