எந்தக் குலத்தோடு தொடங்குவது? திறந்த பக்கங்களின் கணக்கு

'டோட்டல் வார்: ஷோகன் 2' என்ற கணினி விளையாட்டை அண்மையில் ஆடத் தொடங்கிய மாணவர் ஒருவர், எந்தக் குலத்தைத் தேர்ந்தெடுத்தால் நல்லது என்று கேட்டு எழுதியிருந்தார். ஷிமாசு, சோசொகாபே ஆகிய இரு குலங்களையும் அந்த விளையாட்டே 'எளிது' என்று வகைப்படுத்துவது ஏன், அவர்களுடைய வீரர்கள் மற்றவர்களை விடச் சிறந்தவர்களா என்றும் கூடவே கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது கேள்விதான். அதற்கான விடையின் பெரும்பகுதி வீரர்களிடத்தில் இல்லை, நிலப்படத்தில் இருக்கிறது. பள்ளிக் கணிதம் கற்ற எவரும் ஒரு தாளில் தாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது.

2011-இல் கிரியேட்டிவ் அசெம்ப்ளி நிறுவனம் வெளியிட்ட இந்த விளையாட்டு 1545-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஜப்பானிய வரலாற்றில் செங்கோகு என்று அழைக்கப்படும் காலம் அது. கியோட்டோவில் இருந்த, ஷோகன் எனப்பட்ட படைத்தலைமை ஆட்சியாளரான அஷிகாகாவின் அதிகாரம் பெயரளவுக்குச் சுருங்கிப்போக, நாடெங்கும் தைமியோ எனப்பட்ட குலத்தலைவர்கள் தங்களுக்குள் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடுபவர் அத்தகைய குலமொன்றின் தலைமையை ஏற்று மாகாணங்களை ஒவ்வொன்றாகக் கைப்பற்றி, இறுதியில் கியோட்டோவைத் தன்வசமாக்க வேண்டும். ஒவ்வொரு குலத்துக்கும் தனிச்சிறப்பு ஒன்று தரப்பட்டிருக்கிறது: ஷிமாசுவுக்கு வாள் வீரர்கள், சோசொகாபேவுக்கு வில்லாளிகளும் வேளாண் வருவாயும், தாகேடாவுக்குக் குதிரைப்படை, மோரிக்குக் கப்பல்கள், ஓடாவுக்கு அஷிகாரு எனப்படும் எளிய காலாட்படை. புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலைப் பார்த்தே குலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, அந்தக் குலத்தைச் சுற்றி எத்தனை பக்கங்கள் திறந்திருக்கின்றன என்பதை.

நிலப்படத்தில் இருக்கும் ஒவ்வொரு மாகாணத்தையும் ஒரு புள்ளியாகவும், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரு மாகாணங்களுக்கு இடையே ஒரு கோடாகவும் வரைந்துகொள்ளுங்கள். மலையின் அழகும் ஆற்றின் வளைவும் மறைந்து, யார் யாரைத் தாக்க முடியும் என்ற செய்தி மட்டும் தாளில் எஞ்சும். 1736-இல் கோனிக்ஸ்பர்க் நகரத்துப் பாலங்களைப் பற்றிய புதிருக்கு கணிதவியலாளர் ஆய்லர் விடை கண்டதும் இப்படி எந்தப் பகுதி எதோடு இணைகிறது என்பதை மட்டும் எஞ்சவிட்டுத்தான். உங்கள் மாகாணத்திலிருந்து பிறருடைய மாகாணத்துக்குச் செல்லும் கோடுகளை எல்லைக்கோடுகள் என்று அழைப்போம். நீங்கள் காவல் வைக்க வேண்டிய இடங்கள் அவை மட்டுமே; உங்கள் இரு மாகாணங்களுக்கு இடையிலான கோட்டுக்குக் காவல் தேவையில்லை.

இப்போது ஓர் எளிய உலகத்தைக் கற்பனை செய்வோம். எல்லா மாகாணங்களும் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு மாகாணத்தின் வருவாயும் ஒரு படையைப் பராமரிக்கப் போதுமானது. ஒவ்வொரு எல்லைக்கோட்டுக்கும் அப்பால் எதிரியின் படை ஒன்று காத்திருக்கிறது. பலகையின் நடுவே ஒரே ஒரு கட்டத்தோடு தொடங்குபவருக்கு நான்கு எல்லைக்கோடுகள் உண்டு. கையில் இருப்பதோ ஒரு படை. இரண்டுக்கு இரண்டு என நான்கு கட்டங்களாக வளர்ந்தால் கோடுகள் எட்டு, படைகள் நான்கு. ஒன்பது கட்டங்களுக்குப் பன்னிரண்டு கோடுகள். பதினாறு கட்டங்களை எட்டும்போதுதான் கோடுகளும் பதினாறாகி, ஒவ்வொரு எல்லையிலும் எதிரிக்கு நிகராக ஒரு படையை அவரால் நிறுத்த முடிகிறது. அதுவரை ஒவ்வொரு பருவமும் (விளையாட்டின் ஒவ்வொரு சுற்றும் ஒரு பருவம்) ஏதோ ஓர் எல்லையை வெறுமையாக விட்டுவைத்தே அவர் ஆட வேண்டியிருக்கிறது.

அதே பலகையின் ஓரத்தில், ஒரு பக்கம் கடலாக இருக்கும்படி தொடங்கினால் இந்தச் சமநிலை ஒன்பது கட்டங்களிலேயே வந்துவிடுகிறது. மூலையில், இரு பக்கமும் கடலாக இருந்தால் நான்கே போதும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்து ஒரே பக்கம் திறந்திருந்தால், தொடங்கும்போதே சமநிலைதான். முட்டுச்சந்தின் கடைசி வீட்டுக்கு ஒரே வழியில்தான் ஆள் வர முடியும். நான்கு பக்கத்துக்குப் பதினாறு, மூன்றுக்கு ஒன்பது, இரண்டுக்கு நான்கு, ஒன்றுக்கு ஒன்று: பாதுகாப்பாக உணர்வதற்குத் தேவையான மாகாணங்களின் எண்ணிக்கை, திறந்திருக்கும் பக்கங்களின் வர்க்கமாக அமைகிறது. காரணம் எளிது. பரப்பு நீளத்தின் வர்க்கமாக வளர்கிறது, சுற்றளவு நீளத்துக்கு நேர்விகிதத்தில் மட்டுமே வளர்கிறது. நாம் எட்டாம் வகுப்பில் பரப்பளவும் சுற்றளவும் தனித்தனியாகப் படித்து மறந்த பாடங்கள் ஒரு பேரரசின் பிழைப்பை முடிவு செய்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. முதல் பக்கத்தை அடைத்தால் ஏழு மாகாணங்கள் மிச்சம், அடுத்ததற்கு ஐந்து, அதற்கடுத்ததற்கு மூன்று என்பதையும் கவனியுங்கள். நாற்புறமும் எதிரிகளைக் கொண்டவனுக்கே ஒரு பக்கத்தை அடைப்பதால் அதிகப் பயன் கிடைக்கிறது.

இந்தக் கணக்கோடு இன்னொரு வர்க்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலேயப் பொறியாளரான ஃபிரடெரிக் லான்செஸ்டர் முதல் உலகப் போரின்போது, இரு படைகள் தொலைவிலிருந்து ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும்போது இழப்புகள் எப்படி வளரும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் ரஷ்யாவில் ஒசிபோவ் என்பவரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். வீரர்களின் தரம் சமமாக இருக்கும்போது, ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது அந்த முடிவு. இருபுறமும் ஆயிரம் வில்லாளிகள் இருப்பதாகக் கொள்வோம். எதிரி தன் ஆயிரம் பேரை ஐந்நூறு ஐந்நூறாக இரண்டு எல்லைகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார், நீங்கள் பிரிக்கவில்லை. முதல் ஐந்நூறு பேரை வீழ்த்தி முடிக்கும்போது உங்களிடம் ஏறத்தாழ 866 பேர் எஞ்சியிருப்பார்கள். அடுத்த ஐந்நூறு பேரையும் வீழ்த்திய பிறகு 707 பேர் எஞ்சியிருப்பார்கள். சமமான படையோடு போரிட்டு எதிரியை முற்றிலும் அழித்த பின்னும் பத்தில் ஏழு பங்கு வீரர்கள் உயிரோடு இருக்கிறார்கள். எதிரி தன் படையைப் பிரித்தது ஒன்றே அதற்குக் காரணம். திறந்த பக்கங்கள் மிகுந்தவர் படையைப் பிரித்தே ஆக வேண்டும் என்பதால், நிலப்படத்தின் வர்க்கமும் போர்க்களத்தின் வர்க்கமும் சேர்ந்து அவரை அழுத்துகின்றன.

வாளேந்தி ஒருவருக்கு ஒருவர் மோதும் சண்டைக்கு இந்த வர்க்க விதி பொருந்தாது. குறுகிய கோட்டை வாயிலில் எத்தனை பேர் பின்னால் காத்திருந்தாலும், முன்வரிசையில் நிற்பவர்களே போரிட முடியும். அங்கே எண்ணிக்கை நேர்விகிதத்தில் மட்டுமே உதவுகிறது, வீரரின் தரம் மேலோங்குகிறது. குலங்களின் தனிச்சிறப்புகளை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அவற்றின் பொருள் தெளிவாகிறது. ஒரே இடத்தில் திரட்டப்படுவதால் மிகுந்த பயனடைவது சோசொகாபேவின் வில்லாளிகள். ஷிமாசுவின் வாள் வீரர்களோ குறுகிய இடத்தில் தங்கள் தரத்தைக் காட்டுகிறார்கள். ஓடா குலத்துக்கு அஷிகாருக்களைத் திரட்டுவதும் பராமரிப்பதும் மலிவு. லான்செஸ்டரின் கணக்கில் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது தரத்தை நான்கு மடங்காக்குவதற்குச் சமம் என்பதால், பல எல்லைகளைக் காக்க வேண்டிய குலத்துக்கு மலிவான படையைக் கொடுத்திருப்பது விளையாட்டை வடிவமைத்தவர்களின் நுட்பமான முடிவு.

ஜப்பானின் உண்மையான நிலப்படத்துக்கு வருவோம். ஷிமாசுவின் சட்சுமா, கியூஷு தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. மேற்கும் தெற்கும் கடல், கிழக்கில் ஓசுமி, வடக்கில் ஹிகோ. தீவு முழுவதையும் கைப்பற்றிவிட்டால் தரைவழியாகத் தொடும் அயலாரே இல்லை. சோசொகாபேவின் தோசா இருப்பது ஷிகோகு தீவில். அங்கே மொத்தமே நான்கு மாகாணங்கள்தான். கடல்வழியாகவும் படை வரும், ஆனால் அதற்குக் கப்பலும் பணமும் வேண்டும். இந்த இரு குலங்களும் ஏன் 'எளிது' என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. தாகேடாவின் கை மாகாணமோ கடலே இல்லாதது. ஷினானோ, முசாஷி, சகாமி, சுருகா என்று நான்கு அயல் மாகாணங்கள் அதைச் சூழ்ந்திருக்கின்றன.

நான்கு பக்கமும் திறந்த ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்பதை தாகேடா ஷிங்கென் 1554-இல் செய்து காட்டினார். சுருகாவை ஆண்ட இமாகவாவோடும், சகாமியையும் முசாஷியின் பெரும்பகுதியையும் ஆண்ட ஹோஜோவோடும் மணவுறவுகள் வழியாக முக்கூட்டு உடன்படிக்கை செய்துகொண்டார். அதன் பிறகு தாகேடா வடக்கே உஎசுகி குலத்தின் பக்கமும், ஹோஜோ கிழக்கே கண்டோ சமவெளிப் பக்கமும், இமாகவா மேற்கே ஓடா குலத்தின் ஓவாரிப் பக்கமும் தங்கள் முழுப் படையையும் திருப்ப முடிந்தது. மூன்று குலங்களும் ஒரே கையெழுத்தில் தங்கள் திறந்த பக்கங்களைக் குறைத்துக்கொண்ட அந்த நிகழ்வை விட அழகான எடுத்துக்காட்டை இந்தக் கணக்குக்கு நான் கண்டதில்லை. ஓடா நொபுநாகாவும் அதே வழியில் சென்றார். 1560-இல் ஒகேஹசாமாவில் இமாகவா யொஷிமோட்டோவை வீழ்த்திய பிறகு, 1562-இல் கிழக்கே அண்டையில் இருந்த, பின்னாளில் டோகுகாவா இயேயாசு என்று பெயர்பெற்ற தலைவரோடு உடன்படிக்கை செய்து கிழக்கெல்லையை அடைத்தார். ஓவாரிக்குத் தெற்கே கடல் இருந்ததால் எஞ்சியவை வடக்கே மினோவும் மேற்கே இசேயும் மட்டுமே. 1567-இல் மினோ அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டே அவர் கியோட்டோவுக்குள் நுழைந்தார்.

ஆனால் உடன்படிக்கையால் அடைத்த பக்கம் மீண்டும் திறந்துகொள்ளும். நொபுநாகா தன் தங்கை ஓயிச்சியை அசாய் குலத்தலைவர் நாகமசாவுக்கு மணமுடித்து வைத்திருந்தும், 1570-இல் அசாகுரா குலத்தின் மீது அவர் படையெடுத்தபோது அசாய் எதிர்ப்பக்கம் சேர்ந்து, அவர் அவசரமாகப் பின்வாங்க நேர்ந்தது. 1568-இல் தாகேடா தானே சுருகாவுக்குள் படையெடுத்து முக்கூட்டு உடன்படிக்கையை முறித்தார். விளையாட்டில் இந்த உண்மை 'ரெல்ம் டிவைட்' என்ற கட்டமாக வருகிறது. உங்கள் புகழ் ஓர் அளவைத் தாண்டியதும் ஷோகன் உங்களை நாட்டின் எதிரியாக அறிவிக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு பருவமும் பிற குலங்களுடனான உறவு மோசமாகிக்கொண்டே போய், நெடுநாள் நட்பு நாடுகளும் போர் அறிவிக்கின்றன. கையெழுத்தால் அழிக்கப்பட்ட எல்லைக்கோடுகள் எல்லாம் ஒருசேரத் திரும்புகின்றன. கடலால் அழிக்கப்பட்டவை மட்டும் அழிந்தபடியே இருக்கின்றன. மூலையில் தொடங்குவதன் முழுப் பயன் முதல் பத்துப் பருவங்களில் தெரிவதை விட இந்தக் கட்டத்தில்தான் தெரியும்.

திசைகளைப் பற்றி அக்காலத்தில் வேறுவிதமான கணக்கும் இருந்தது. போர் தொடங்க நல்ல நாளையும் திசையையும் குறித்துக் கொடுப்பவர்களைத் தைமியோக்கள் உடன் வைத்திருந்தார்கள். வடகிழக்குத் திசையிலிருந்தே தீய சக்திகள் நுழையும் என்ற நம்பிக்கையில், கியோட்டோவின் வடகிழக்கே ஹியேய் மலையில் இருந்த என்ரியாகு-ஜி மடம் தலைநகரின் காவலாகக் கருதப்பட்டது. 1570-இல் அசாய், அசாகுரா படைகள் அந்த மலையில் தஞ்சம் புகுந்தன. மறு ஆண்டு நொபுநாகா அந்த மடத்தை எரித்து அங்கிருந்தவர்களைக் கொன்று குவித்தார். அந்தக் கொடுமையை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது. ஆனால் ஒரு திசை ஆபத்தானதா என்பதை அங்கே யார் நிற்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது, திசைக்கென்று தனிக் குணம் கிடையாது. மனை வாங்குவதற்குக்கூடத் திசை பார்த்துப் பணத்தைச் செலவிடும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வரலாற்று நிலப்படங்களைப் புள்ளியும் கோடுமாக மாற்றி ஆராய்வதற்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. கணிதத் துறையும் வரலாற்றுத் துறையும் ஒரே மேசையில் அமர ஒரு சிறு நிதி ஒதுக்கப்பட்டாலே போதும். பல்கலைக்கழகங்கள் இதற்கு முன்வர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மூலையில் இருப்பவரே வெல்வார் என்றால் ஷிமாசு ஏன் ஜப்பானை ஆளவில்லை என்று கேட்கலாம். 1578-இல் மிமிகாவாவில் ஓட்டோமோ குலத்தையும், 1584-இல் ஒகிதனவாத்தேயில் ரியூசோஜி குலத்தையும் வீழ்த்தி, 1586-க்குள் கியூஷுவின் பெரும்பகுதியை அவர்கள் பிடித்துவிட்டார்கள். அதற்குள் நாட்டின் நடுப்பகுதியை, நொபுநாகாவுக்குப் பின் வந்த தொயோதோமி ஹிதேயொஷி தன் கையில் சேர்த்திருந்தார். சதுரத்தின் கணக்கு இங்கே மறுபக்கம் திரும்புகிறது: பதினாறு கட்டங்களைத் தாண்டிய பிறகு நடுவில் இருப்பவருக்கும் எல்லைக்கோடுகளை விடப் படைகள் மிகுதி, அதோடு எந்த எல்லைக்கும் அவருக்குத் தொலைவு குறைவு. 1587-இல் ஹிதேயொஷியும் அவருடைய தம்பி ஹிதேநாகாவும் தீவின் மேற்கிலும் கிழக்கிலுமாக இரு வழிகளில் பெரும்படைகளோடு இறங்க, ஷிமாசு பணிந்தது. மூலை காலத்தைக் கொடுக்கும். அந்தக் காலத்துக்குள் வளர்ந்துவிட வேண்டியது ஆடுபவரின் பொறுப்பு.

எனவே அந்த மாணவருக்கு என் விடை இது. முதல் ஆட்டத்தை ஷிமாசுவோடு தொடங்கி, கியூஷு தீவு முழுவதும் கைக்கு வரும்வரை புகழ் அளவைக் கவனித்தபடி ஆடுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஓடாவை எடுத்து, வடக்கு, கிழக்கு, மேற்கு என்ற மூன்று பக்கங்களில் எதை முதலில் உடன்படிக்கையால் அடைப்பது, எதைப் போரிட்டுக் கைப்பற்றுவது என்பதைத் தாளில் வரைந்து முடிவு செய்த பிறகு முதல் பருவத்தைத் தொடங்குங்கள். டோகுகாவாவை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்: அங்கே இமாகவாவின் சிற்றரசாகத் தொடங்க வேண்டியிருப்பதால், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதை முதலில் உங்கள் மேலரசரே தீர்மானிப்பார்.