எட்டு அடுக்குத் துணியும் ஒரு கை கஞ்சியும்

சென்ற ஆனி மாதம் தென்காசியில் ஒரு திருமண வரவேற்பு. பந்தியில் வழக்கம்போல வாழையிலைதான் என்றாலும், முக்கிய விருந்தினருக்கென்று போட்டிருந்த வட்ட மேசைகளில் தட்டுக்கு ஒன்றாக வெள்ளைப் பருத்தித் துண்டுகளைக் கூம்பாக மடித்து நிறுத்தியிருந்தார்கள். மதியம் விறைப்பாக நின்ற அந்தக் கூம்புகள், குற்றாலத்துச் சாரல் மண்டப வாசல் வரை வந்த மாலை நேரத்தில் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. மடித்த பையனைத்தான் எல்லாரும் குறை சொன்னார்கள். அவன் மடிப்பில் பிழை இல்லை என்பதை அருகில் இருந்து பார்த்தவன் நான்.

அவன் செய்தது இதுதான். அரை மீட்டர் சதுரத் துண்டை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கினான்; அடியின் இரு முனைகளையும் உச்சிக்குக் கொண்டுவந்து சிறிய சதுரமாக்கினான்; அதைப் பின்புறமாகப் பாதியாக மடித்து, நடுக்கோட்டில் ஒரு மடிப்பு எடுத்து நிறுத்தினான். கிடைத்தது ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் உயரக் கூம்பு. அதன் ஒவ்வொரு சிறகிலும் எட்டு அடுக்குத் துணி.

எட்டு அடுக்கு இருந்தால் போதாதா என்று தோன்றும். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டிருந்தால், வளைவுக்கு எதிரான விறைப்பு எட்டு மடங்குதான் கூடும். அவையே ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகிவிட்டால், விறைப்பு தடிமனின் மும்மடியாகப் பெருகும்: 8×8×8, அதாவது 512 மடங்கு. கஞ்சி போட்ட துணியைச் சற்று ஈரத்தோடு மடித்து அழுத்தித் தேய்க்கும்போது அடுக்குகள் ஆங்காங்கே பற்றிக்கொள்வதால், உண்மையான கூம்பு இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே எங்கோ நிற்கிறது.

இந்த மடிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. நெய்த துணியில் நெடுக்காக ஓடும் பாவு நூலின் திசையிலும் குறுக்காக ஓடும் ஊடை நூலின் திசையிலும் இழுத்தால் துணி அதிகம் கொடுக்காது. மூலைவாட்டில் இழுத்தால் நூல்கள் சந்திக்கும் இடங்களில் கத்தரிக்கோல் போலத் திரும்பி, துணி நீண்டு கொடுக்கும். தையற்காரர்கள் இதைக் ‘கிராஸ்’ என்பார்கள். நம் கூம்பின் எட்டு அடுக்குகளிலும் மேலிருந்து கீழாக நிற்பது அந்தக் கிராஸ் திசைதான். மிகவும் பலவீனமான வாட்டத்தையே தூணாக நிறுத்தியிருக்கிறோம் என்பதால், நூல் திரும்பாமல் பிடித்துக்கொள்ள வேறு ஏதாவது வேண்டியிருக்கிறது.

அந்த வேலையைச் செய்வது கஞ்சி. அரிசி மாவுச்சத்தின் மணிகள் வெந்நீரில், சுமார் 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் அளவில், நீரை உறிஞ்சி ஊதி உடைகின்றன. உள்ளிருக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கசிந்து நூல்களின் மேல் படிகின்றன. காய்ந்ததும் அவை மெல்லிய படலமாகி, பாவும் ஊடையும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியையும் பசைபோட்டது போலப் பிடித்துவிடுகின்றன. வீரவநல்லூர் நெசவாளருக்கு இது புதிய செய்தி அன்று. பாவு நூல் தறியில் உரசி அறுந்துபோகாதிருக்கக் கஞ்சி போடுவது அவர்கள் தொழிலின் ஒரு பகுதி. புதுத்துணியின் மொறமொறப்பு முதல் சலவையோடு போய்விடுவதும் இதனால்தான்.

மடிப்புக்கோடு நிலைப்பதற்குக் காரணம் பருத்தி இழைக்குள்ளேயே இருக்கிறது. பருத்தி ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அதன் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. நீர் உள்ளே நுழைந்தால் அந்தப் பிடி தளரும், சங்கிலிகள் இடம் மாறும். இஸ்திரிப்பெட்டியின் சூடு நீரை விரட்டியதும் புதிய இடத்தில் மறுபடி பிடி விழும். தேய்க்குமுன் தண்ணீர் தெளிப்பது அதற்காகவே. சூடு அதிகமானால் கஞ்சி கருகி மஞ்சள் தடம் விழும் என்பதும் தேய்ப்பவர்கள் அறிந்ததே.

கஞ்சியை அவ்வளவாகச் சார்ந்திராத மடிப்பும் உண்டு. திசையன்விளைப் பக்கத்துப் பனையோலையைப் பாருங்கள்: தனி ஓலைக்கீற்றை மட்டும் கிழித்து ஒரு முனையில் பிடித்தால் வளைந்து தொங்கும், மடிப்பு மடிப்பாக விரிந்த முழு ஓலை காற்றில் நிமிர்ந்து நிற்கும். மேடும் பள்ளமுமான மடிப்பு, தடிமன் கூடாமலேயே விறைப்பைக் கூட்டுகிறது. விசிறி மடிப்பில் நிறுத்திய துண்டு சாரலிலும் சற்றுக் கூடுதல் நேரம் தாக்குப்பிடிப்பது இதனால்தான். ஆனால் அழகில் கூம்புக்கு அது ஈடில்லை என்பது என் கருத்து.

சாரல் செய்தது என்னவென்று இப்போது விளங்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரைத் தாங்கியிருக்கும். ஈரப்பதம் நூறை நெருங்கும்போது அது இருமடங்குக்கும் மேல் போகும். தெளித்த தண்ணீர் செய்ததையே காற்றிலுள்ள நீராவியும் செய்கிறது: இழையின் பிணைப்புகள் தளர்கின்றன, கஞ்சிப் படலம் இளகுகிறது. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் இதே கூம்பு இரவு வரை நின்றிருக்கும். பாலியெஸ்டர் துண்டு 0.4 விழுக்காடு நீர்தான் ஏற்கும் என்பதால் சாரலுக்கு அசையாது. ஆனால் அதில் கஞ்சி சரியாகப் பிடிக்காது, கையும் துடைக்க வராது.

கஞ்சி போட்ட பருத்தியும் கை துடைப்பதில் சுமார்தான். நூல்களுக்கிடையே நீர் ஏறும் நுண்ணிய வழிகளைப் படலம் அடைத்துவிடுகிறது. அன்று அந்த மேசையில் இருந்த ஒரு பெரியவர், கை கழுவி வந்ததும் சாய்ந்துகிடந்த கூம்பைப் பிரித்து ஒருமுறை துடைத்துப் பார்த்தார். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, பலமுறை துவைத்து மெத்தென்றாகிப்போன தன் தோள் துண்டை எடுத்துக்கொண்டார்.