மசாலா, வெங்காயம், மாம்பழத்துக்கு எலக்ட்ரான் பீம், எக்ஸ்ரே: மத்திய அரசு மானியம் எவ்வளவு, ரூல் என்ன, பாக்கெட்ல என்ன போட்டிருக்கணும்

2024 ஜூலை பட்ஜெட்ல நிர்மலா சீதாராமன் ஒரு வரி சொன்னாங்க, எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) துறைல 50 மல்டி ப்ராடக்ட் ஃபுட் இர்ரேடியேஷன் யூனிட், அதாவது பல வகை உணவுப் பொருள் மேல கதிர் செலுத்தி கிருமி, பூச்சி, முளை இல்லாம பண்ற யூனிட், அமைக்க நிதி உதவி தரப்படும்னு. அன்னிக்கு டிவில வருமான வரி ஸ்லாப் பத்திதான் பேச்சு, இதை யாரும் கண்டுக்கல. அப்புறம் 2025 ஜூலை 31 அன்னிக்கு கேபினட் கூடி உணவு பதப்படுத்தும் தொழிலுக்கான மத்திய திட்டமான பிரதம மந்திரி கிசான் சம்பதா யோஜனாவோட மொத்த ஒதுக்கீட்டை 6,520 கோடியா உயர்த்துனாங்க, கூடுதலா வந்தது 1,920 கோடி, அதுல 1,000 கோடி இந்த 50 யூனிட்டுக்கும் 100 உணவு டெஸ்டிங் லேபுக்கும் சேர்த்து. உழவர் உற்பத்தியாளர் கம்பெனி நடத்துறவங்க, மசாலா ஏற்றுமதி பண்றவங்க எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய விஷயம் இது, ஆனா "அணு", "கதிர்வீச்சு"ன்னு காதுல விழுந்ததுமே பாதிப்பேர் ஒதுங்கிடுறாங்க.

முதல்ல அந்த பயத்தைப் பேசிடுவோம். உணவு மேல கதிர் செலுத்த நம்ம நாட்டு ரூல்ல அனுமதிச்ச வழிகள்ல ஒண்ணு கோபால்ட்-60 மாதிரி கதிரியக்கப் பொருள்ல இருந்து வர்ற காமா கதிர். இன்னொண்ணு மெஷின்ல உண்டாக்குற எலக்ட்ரான் பீம். மூணாவது எக்ஸ்ரே, அதே எலக்ட்ரான் பீமை டான்டலம் இல்ல டங்ஸ்டன் தகடு மேல மோத விட்டா வர்றது. பின்னாடி சொன்ன ரெண்டுலயும் கதிரியக்கப் பொருளே கிடையாது, கரண்ட்ல ஓடுற மெஷின்தான், ஸ்விட்ச் ஆஃப் பண்ணா கதிர் அந்த நொடியே நின்னுடும். கோபால்ட் அப்படி இல்ல, ராத்திரி பகல்னு பாக்காம கதிர் விட்டுக்கிட்டே இருக்கும், வேலை இல்லாத நேரம் ஆழமான தண்ணித் தொட்டில இறக்கி வச்சிருப்பாங்க, வருஷத்துக்கு சுமார் 12 சதவீதம் சக்தி குறைஞ்சுக்கிட்டே வரும், அதனால அப்பப்போ புதுசு சேர்க்கணும்.

உணவுல கதிரியக்கம் ஏறிடாதான்னு கேக்குறாங்க. ஏறாது. ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்துட்டு வெளிய வர்றவங்க உடம்புல கதிர் ஒட்டிக்கிட்டு வர்றதில்ல இல்லையா, அதே கதைதான். பயன்படுத்துற சக்திக்கு உச்சவரம்பு வச்சிருக்கிறதே அதுக்குத்தான், சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் கணக்குப்படி எலக்ட்ரான்னா 10 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (கதிரோட சக்தியை அளக்குற அலகு), எக்ஸ்ரேன்னா 5, அதுக்கு மேல போகக்கூடாது. இந்த கதிர் போய் பண்றது என்னன்னா, கிருமியோட, பூச்சியோட, முளைக்குருத்தோட டி.என்.ஏ.வை உடைக்குது, அதனால அது பெருக முடியாது. பொருள் சூடாகுறதும் ரொம்ப கம்மி, 10 கிலோகிரே (பொருள் உள்வாங்குற கதிரோட அளவு, இதைத்தான் டோஸ்னு சொல்றது) கொடுத்தாக்கூட ரெண்டு ரெண்டரை டிகிரிதான் ஏறும், அதனாலதான் ஃப்ரீசர்ல இருக்குற இறாலைக்கூட உருகாம இதுல அனுப்ப முடியுது.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு டோஸ்ங்கிறதை மத்திய உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வகை பிரிச்சு அட்டவணையாவே போட்டிருக்கு. வெங்காயம், உருளைக்கிழங்கு, இஞ்சி மாதிரி முளைக்கிற சாமானுக்கு 0.02ல இருந்து 0.2 கிலோகிரே வரைக்கும்தான், கொஞ்சூண்டு போதும் முளை நின்னுடும். அரிசி, பருப்புல வண்டு விழாம இருக்க 0.25ல இருந்து 1. மீன், கறில நோய்க்கிருமியை ஒழிக்க 1ல இருந்து 7. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மல்லின்னு மசாலா சாமானுக்கு கிருமி நீக்கணும்னா 6ல இருந்து 14 வரைக்கும் போகலாம், ஏன்னா களத்துல மண்ணுல காயப்போட்டு வர்ற சாமான், கிருமி லோடு எக்கச்சக்கம்.

இந்த மசாலா விஷயத்துல கொஞ்சம் நின்னு பேசணும். 2024 ஏப்ரல்ல ஹாங்காங்லயும் சிங்கப்பூர்லயும் இந்திய மசாலா பாக்கெட் சிலதை எத்திலீன் ஆக்ஸைடு இருக்குன்னு விற்பனைல இருந்து எடுக்கச் சொன்னது ஞாபகம் இருக்கும். அந்த வாயு கிருமியைக் கொல்லத்தான் அடிக்கிறாங்க, ஆனா அது புற்றுநோய் உண்டாக்குற பொருள், ஐரோப்பாவுல உணவுக்கு அதை அடிக்கவே தடை. கதிர் செலுத்துனா கெமிக்கல் எதுவும் சாமான்ல மிச்சம் நிக்காது, சீல் பண்ண பாக்கெட்டோட அப்படியே உள்ள அனுப்பலாம், வெளிய வந்தப்புறம் திரும்பக் கிருமி ஏற வழியில்ல. இவ்வளவு நல்ல வழி இருக்கும்போது நம்மாளுங்க இன்னும் வாயுவை நம்பிக்கிட்டு இருக்குறது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு.

இப்ப பணம். இந்த யூனிட் எல்லாம் சம்பதா யோஜனாவுல ஒருங்கிணைந்த கோல்ட் செயின் (பொருள் கெடாம குளிர்ல வச்சு கொண்டுபோற வசதி) பிரிவுக்கு கீழ வருது. பொதுப் பகுதின்னா தகுதியான ப்ராஜெக்ட் செலவுல 35 சதவீதம் மானியம், எஸ்.சி./எஸ்.டி. தொழில்முனைவோர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், சுய உதவிக் குழு, அப்புறம் கடினமான பகுதின்னு அறிவிச்ச இடங்களுக்கு 50 சதவீதம், எதுவா இருந்தாலும் ஒரு ப்ராஜெக்டுக்கு 10 கோடிதான் உச்சம். அந்தக் கடினமான பகுதில வடகிழக்கு, இமயமலை மாநிலங்களோட அறிவிக்கப்பட்ட பழங்குடி மேம்பாட்டுப் பகுதிகளும் வருது, அதனால கொல்லிமலை, ஏற்காடு, ஜவ்வாதுமலை பக்கம் இருக்குறவங்க இதைத் தனியா விசாரிச்சுப் பாருங்க. தகுதியான செலவுன்னா மெஷினும் டெக்னிக்கல் கட்டடமும்தான், நிலம் வாங்குன காசு, தொழில் ஓட்டுற முதல் இதெல்லாம் கணக்குல வராது. பேங்க் டெர்ம் லோன் கட்டாயம், நம்ம கைப்பணமும் போட்டிருக்கணும், மானியம் வேலை நடக்க நடக்க தவணையாதான் வரும், மொத்தமா முன்னாடியே வந்துடும்னு நினைச்சு யாரும் இறங்காதீங்க. உணவு பதப்படுத்தும் தொழில் அமைச்சகம் விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு விடும்போதுதான் சம்பதா போர்ட்டல்ல அப்ளை பண்ண முடியும், நினைச்ச நேரத்துல போட முடியாது, அந்த அறிவிப்புல உங்க டெக்னாலஜிக்கு என்ன கண்டிஷன்னு ஒரு வரி விடாம படிச்சுட்டு பண்ணுங்க.

லைசென்ஸ் ரெண்டு இடம். கதிர் பாதுகாப்புக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், இடம் தேர்வு பண்றதுல இருந்து ஓட்டுற வரைக்கும் ஒவ்வொரு கட்டத்துலயும் அவங்க அனுமதி வேணும், அதுக்கான சட்ட அடிப்படை 2012ல வந்த உணவு கதிர்வீச்சு பதப்படுத்தல் விதிகள். உணவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ். பயிற்சி எடுத்த ஆபரேட்டர், கதிர் பாதுகாப்பு அதிகாரி, தரக்கட்டுப்பாட்டு அதிகாரி எல்லாம் இல்லாம நடத்த முடியாது.

எந்த டெக்னாலஜி எடுக்குறதுன்னா, அது நீங்க என்ன சாமான் ஓட்டப்போறீங்கங்கிறதைப் பொறுத்தது. எலக்ட்ரான் பீம் செம வேகம், கன்வேயர்ல பெட்டி போகப்போக ஒவ்வொண்ணுக்கும் சில நொடிதான், ஆனா ஆழமா போகாது, தண்ணி அடர்த்தி உள்ள சாமான்னா ஒரு பக்கம் அடிச்சா மூணரை நாலு சென்டிமீட்டர், பெட்டியைத் திருப்பி ரெண்டு பக்கமும் அடிச்சா எட்டு ஒன்பது சென்டிமீட்டர் கனம், அவ்வளவுதான். மிளகாய்த்தூள் பாக்கெட்டை அடுக்கி மெல்லிசா அனுப்ப இது நல்லா ஒத்துவரும், அம்பது கிலோ வெங்காய மூட்டைக்கு வேலைக்காகாது. அப்படிப்பட்ட சாமானுக்கு எக்ஸ்ரே ஊடுருவும், ஹவாய்ல 2000ல இருந்தே பப்பாளியை இப்படித்தான் பழ ஈ இல்லாம அமெரிக்க மார்க்கெட்டுக்கு அனுப்புறாங்க, ஆனா எலக்ட்ரானை எக்ஸ்ரேவா மாத்தும்போது 5 மில்லியன் வோல்ட்ல பத்துல ஒரு பங்குகூட தேறாது, மிச்சம் முழுக்க சூடா போயிடும், கரண்ட் பில்லை இப்பவே கணக்கு போட்டுக்கணும். நம்ம நாட்டுல உணவுக்கு இதுவரை அதிகம் ஓடுறது காமாதான், நாசிக் பக்கம் லாசல்காவ்ல 2002ல வந்த க்ருஷக் ப்ளான்ட் அப்படித்தான், 2007ல நம்ம மாம்பழம் பல வருஷம் கழிச்சு அமெரிக்கா போனதும் அங்க குறைஞ்சபட்சம் 400 கிரே, அதாவது 0.4 கிலோகிரே, வாங்கிட்டுத்தான்.

மல்டி ப்ராடக்ட்னு திட்டத்துல வச்சதுக்கு காரணம் சீசன். மாம்பழம் ரெண்டு மூணு மாசம், வெங்காயம் அறுவடை நேரம், மீதி நாள் மெஷின் சும்மா நின்னா வட்டி கட்ட முடியாது. அதனால என் கருத்து, சின்ன உழவர் கம்பெனிங்க சொந்தமா யூனிட் கட்டுறதுக்கு ஓடாம, பக்கத்துல எவனாவது கட்டுனா அவங்ககிட்ட ஜாப் ஒர்க்கா கிலோவுக்கு இவ்வளவுன்னு கொடுத்து பண்ணிக்கிறதுதான் புத்திசாலித்தனம். ஒவ்வொரு லோடுக்கும் என்ன டோஸ், எதுக்காகன்னு சர்டிஃபிகேட் கேட்டு வாங்கிடுங்க, அது இல்லாம சாமான் அந்த கேட்டைத் தாண்டக்கூடாது.

ஒண்ணு தெளிவா சொல்லணும், இதால கெட்டுப்போன சாமானை நல்லதாக்க முடியாது. நிலக்கடலைல, மிளகாயில ஏற்கெனவே உண்டான அஃப்ளாடாக்ஸின் விஷத்தை இந்த டோஸ் போக்காது, பூச்சிமருந்து மிச்சத்தையும் எடுக்காது, வைட்டமின் பி1 மாதிரி சிலது கொஞ்சம் குறையும். கறி மீனுக்கு கதிர் அடிச்சப்புறமும் ஐஸ் பெட்டி வேணும். ஒரு தடவை அடிச்சதை திரும்ப அடிக்கவும் பொதுவா அனுமதி கிடையாது, தானியம் பருப்பு மாதிரி ஈரம் கம்மியான சாமான்ல மறுபடி பூச்சி வந்தா மட்டும் விலக்கு.

வாங்கி சாப்பிடுற நமக்கு இதுல உள்ள உரிமை, தெரிஞ்சுக்கிற உரிமை. கதிர் செலுத்துன உணவை பாக்கெட் போட்டுத்தான் விக்கணும், பாக்கெட் மேல கதிர்வீச்சு முறைல பதப்படுத்தினதுன்னு எழுதி, உடைஞ்ச வட்டத்துக்குள்ள செடி மாதிரி இருக்குற பச்சை லோகோ போட்டிருக்கணும். பின்பக்கம் பொடி எழுத்துல தேதி, யூனிட்டோட லைசென்ஸ் நம்பர், எதுக்காகப் பண்ணாங்கங்கிறதையும் தேடிப் பாருங்க. கதிர் அடிச்சிருக்குன்னு தெரிஞ்சும் லேபிள்ல அதைச் சொல்லலைன்னா பில்லையும் பாக்கெட் ரெண்டு பக்க போட்டோவையும் வச்சு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யோட ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்ல புகார் போடலாம், இல்ல உங்க மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலர்கிட்ட எழுதிக் கொடுக்கலாம்.