ஓபியாய்டு: சொல் விளக்கம்

வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின், கள்ளச் சந்தையில் விற்கும் ஹெராயின், பழக்கத்திலிருந்து மீளக் கொடுக்கும் மெத்தடோன் மூன்றுமே ஓபியாய்டுகள்தான். ஆனால் தமிழில் எழுதும்போது பல சமயம் இதைப் 'போதைப்பொருள்' என்று மாற்றிவிடுகிறோம். கஞ்சாவும் கொக்கைனும்கூடப் போதைப்பொருள்களே, ஆனால் அவை ஓபியாய்டு அல்ல. உயிர் காக்கும் சிகிச்சை இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

கிரேக்க மொழியில் 'ஓபோஸ்' என்றால் செடியின் சாறு. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலுக்கு 'ஓபியோன்' என்று பெயர் வந்தது. இலத்தீனில் அது ஓபியம் ஆனது, அரபியில் அஃப்யூன் ஆனது. அங்கிருந்து கிழக்கே வந்து நம்மிடம் அபின், அபினி ஆயிற்று. வழியில் சமஸ்கிருதம் அதை 'அஹிபேனம்', அதாவது பாம்பின் நுரை, என்று பொருள் வரும்படி மாற்றிக்கொண்டது. ஆக, அபினியும் ஓபியமும் ஒரே வேர்ச் சொற்கள். 'ஆய்டு' என்ற ஒட்டு, வடிவத்தைக் குறிக்கும் 'எய்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'போன்றது' என்று பொருள் தரும்.

அபினிப் பாலிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் மார்ஃபின், கோடீன் போன்றவற்றுக்கு ஓபியேட் என்ற பெயர் முன்பே இருந்தது. அதே வேலையைச் செய்யும் செயற்கை மருந்துகள் பெருகிய பிறகு, 1950களில் ஓபியாய்டு என்ற சொல் எழுந்தது. இன்று இயற்கை, செயற்கை இரண்டையும் அது குறிக்கிறது. எதிலிருந்து வந்தது என்பதைவிட உடலில் எங்கே போய் ஒட்டுகிறது என்பதே கணக்கு. மூளையிலும் நரம்புகளிலும் இவை வந்து ஒட்டுவதற்கென்றே இடங்கள், அதாவது ஏற்பிகள், இருப்பது 1973இல் உறுதியானது.

அந்த ஏற்பிகள் வலியை மட்டும் அடக்குவதில்லை, மூச்சையும் மந்தப்படுத்துகின்றன. அளவு மீறினால் மரணம் வருவது மூச்சு நின்றுதான். இதை முறிக்கும் மருந்தான நலாக்சோன் அதே ஏற்பியில் போய் அமர்ந்து ஓபியாய்டைத் தள்ளிவிடும். பூட்டில் நுழைந்தும் திரும்பாத சாவி மாதிரி. கொக்கைனுக்கு அது வேலை செய்யாது. மிகையளவு நேரும்போது அருகில் இருக்கக்கூடிய குடும்பத்தினர், நண்பர்கள் கையிலும் நலாக்சோன் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. 2023இல் அமெரிக்கா அதன் மூக்குத் தெளிப்பை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க அனுமதித்தது. எவ்வளவு தாமதம்! 2021இல் மட்டும் அந்நாட்டில் ஓபியாய்டு மிகையளவால் இறந்தவர்கள் 80,000க்கு மேல்.

மெத்தடோனும், அதே சிகிச்சைக்குக் கொடுக்கும் புப்ரெனார்ஃபினும் தாங்களே ஓபியாய்டுகள் என்பதால், 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?' என்று கேட்கிறார்கள். இவை மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்பவை. ஏற்ற இறக்கமும் ஏக்கமும் அடங்குவதால் ஒருவரால் வேலைக்குப் போக முடிகிறது, குடும்பத்தோடு இருக்க முடிகிறது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பிரான்ஸ் 1995இல் சாதாரண மருத்துவர்களே புப்ரெனார்ஃபின் எழுதித்தர வழிசெய்தது. நான்கே ஆண்டுகளில் மிகையளவு மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. அமெரிக்காவிலோ 2022 இறுதிவரை அதை எழுதித்தர மருத்துவருக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது. பலரைப் பழக்கத்தில் தள்ளிய ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையை எழுத அந்தத் தனி அனுமதி தேவைப்படவில்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பொதுவான எழுத்துக்கு 'அபினி வகை மருந்து' போதும், படித்ததும் புரியும். கலைச்சொல்லாக வேண்டுமென்றால் 'அபினியொப்பி' என்பேன். 'ஆய்டு' ஒட்டின் பொருளை அது அப்படியே தருகிறது. நலாக்சோனை 'அபினியொப்பி முறிமருந்து' எனலாம். 'போதை அடிமை' என்பதற்குப் பதில் 'அபினியொப்பிச் சார்பு நோய்' என்று எழுதலாம், ஏனென்றால் அது சிகிச்சை உள்ள நோய். நோயாளிக்குத் தரும் குறிப்பில் மட்டும் ஓபியாய்டு என்ற சொல்லையும் சேர்த்தே அச்சிட வேண்டும். மருந்துப் பெட்டியில் அவர் பார்க்கக்கூடிய சொல் அதுதான்.