குழந்தையின் ரிப்போர்ட்டில் அம்மாவின் ரத்தம்

தாராவியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார். அக்காவுக்கு எச்.ஐ.வி. கர்ப்பம் முழுக்க மாத்திரையை விடாமல் போட்டிருக்கிறார். குழந்தைக்கும் பிறந்ததிலிருந்து சிரப் கொடுத்தாயிற்று. நான்காம் மாதம் சளிக்குக் காட்டப்போன இடத்தில் ரத்தம் எடுத்து எச்.ஐ.வி சோதனை செய்து பார்த்தால், ‘ரியாக்டிவ்’, அதாவது தொற்று இருக்கலாம் என்று. மாமியார் குழந்தையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாராம்.

முதலில் மாமியார் குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம். தொடுவதாலோ முத்தத்தாலோ கொசுவாலோ இது பரவாது. தாயிடமிருந்து குழந்தைக்குக் கர்ப்பத்தில், பிரசவத்தில், தாய்ப்பாலில் போகலாம். சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றும். மாத்திரையால் தாயின் ரத்தத்தில் வைரஸ் அடங்கிவிட்டால் அது 5-க்கும் கீழே வந்துவிடும்.

சரி, அப்புறம் ஏன் ரியாக்டிவ்? அந்தச் சோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக உடம்பு செய்யும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. இந்த வயதில் அது பெரும்பாலும் அம்மா செய்ததாகத்தான் இருக்கும்.

அது குழந்தைக்குள் போன விதம்தான் எனக்குப் பிடித்த இடம். நஞ்சுக்கொடியின் வெளிப்புறம் தாயின் ரத்தத்தில் நனைந்தபடி இருக்கிறது. அங்கே செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, இடைவெளியே இல்லாத ஒரே படலமாகிவிடுகின்றன. ஆன்டிபாடி பெரிய புரதம். கசிந்து போக வழியில்லை. அதனால் படலம் தாயின் ரத்தத்திலுள்ள நீரைத் துளித்துளியாக விழுங்குகிறது. விழுங்கிய துளி ஒரு சின்னப் பையாகிறது, பையின் உள்ளே அமிலம் ஏறுகிறது. பையின் சுவரில் எஃப்சிஆர்என் என்றொரு புரதம் இருக்கிறது. அமிலம் ஏறினால்தான் அதற்கு ஐஜிஜி வகை ஆன்டிபாடியைப் பிடிக்கத் தெரியும். பிடிபட்டது சிதையாமல் தப்பிக்கிறது. பை மறுகரைக்குப் போய்க் குழந்தையின் பக்கம் திறக்கிறது. அங்கே அமிலம் இல்லை, பிடி தானாக விடுகிறது. எந்த அரசு ஆபீசில் இவ்வளவு ஒழுங்காக ஃபைல் நகரும்?

எந்த நோய்க்கான ஆன்டிபாடி என்று எஃப்சிஆர்என் பார்ப்பதில்லை. கர்ப்பிணிக்கு டெட்டனஸ் ஊசி போடுவதே இந்த வழியை நம்பித்தான். தட்டம்மைக்கானது போகிறது, எச்.ஐ.வி-க்கானதும் கூடவே போகிறது. பிறந்தபின் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தாலும், சில குழந்தைகளிடம் 18 மாதம் வரைகூடத் தங்கும்.

அதனால்தான் ஆறாவது வாரத்தில், ஆன்டிபாடியை விட்டுவிட்டு வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனையைச் செய்கிறார்கள். குதிகாலில் குத்தி, சில துளி ரத்தத்தை ஒரு அட்டையில் உலரவைத்து அனுப்புவார்கள். எச்.ஐ.வி தன் மரபணுவை நம் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும். பிசிஆர் தேடுவது அதைத்தான். இந்தியாவில் 2010 முதல் அரசுத் திட்டமாகவே, இலவசமாக நடக்கிறது. இருந்தும் கைக்குழந்தைக்கு ஆன்டிபாடி சோதனை செய்து, ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் ரிப்போர்ட்டை நீட்டும் லேப்களை என்ன சொல்ல! விழிப்புணர்வு போஸ்டருக்குச் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சம் அந்த ஒரு வரிக்குப் போகலாம்.

அக்காவிடம் ஆறாவது வார அட்டைச் சோதனையின் முடிவைக் கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் நாளைக்கே சயான் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி-க்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்துக்குப் போகட்டும். நெகட்டிவ் வந்தாலும் தாய்ப்பால் இருக்கும்வரை ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று திரும்பப் பார்ப்பார்கள். 18 மாதம் கடந்து, பாலை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆனபிறகுதான் கடைசி முடிவு. பாசிட்டிவ் என்றால் அன்றே மருந்து தொடங்க வேண்டும். பயந்துகொண்டு இப்போது பசும்பால் கலந்து கொடுக்க வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலோடு வேறு பாலோ உணவோ சேர்வது, தாய்ப்பால் மட்டும் கொடுப்பதைவிட ஆபத்து. அக்காவின் மாத்திரையும் ஒருவேளைகூடத் தவறக்கூடாது.