டிடக்‌ஷன் வேற, ரிபேட் வேற, டிடிஎஸ் வேற

கேரளா பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டுல கம்பெனி வேலைக்கு, வாளையார் தாண்டி கோயமுத்தூர்ல இருந்து வர்ற நம்மாளுங்க கேக்கற கேள்வி "சம்பளம் கேரளால, வீடு தமிழ்நாட்டுல, எந்த ஊரு கணக்குப்படி டேக்ஸ்?" இன்கம் டேக்ஸ் சென்ட்ரல் கவர்மென்ட் வாங்கறது, எங்க இருந்தாலும் ஒரே கணக்கு. தொழில் வரிதான் உள்ளூர் சமாச்சாரம், அதுவும் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக்கூடாது. இங்க சொல்ற பிரிவு, ஃபாரம், ரேட் எல்லாம் 2025-26 வருஷக் கணக்குக்கு.

டிடக்‌ஷன்னா வருமானத்துல கழிக்கறது, வரில இல்ல. 80சி-ல, அதாவது சேமிப்பு, இன்சூரன்ஸ் மாதிரி போடறதைக் கழிக்கற பிரிவுல, ஒன்றரை லட்சம் போட்டா ஒன்றரை லட்சமும் வரில மிச்சம்னு நினைச்சு மார்ச் மாசம் அவசர அவசரமா யாரோ சொன்ன பாலிசில பணத்தைப் போடறாங்க, பாக்கறப்ப மனசுக்கு கஷ்டமா இருக்குங்க, ஏன்னா 20 சதவீத ஸ்லாப்ல (வரி அடுக்குல) இருக்கறவருக்கே அதுல மிச்சமாகறது 30,000 சொச்சம்தான், அதுவும் பழைய ரெஜிம் (பழைய வரி முறை) எடுத்திருந்தாதான். புது ரெஜிம்ல 80சி, மெடிக்கல் இன்சூரன்ஸுக்கான 80டி, வாடகைக்கான ஹெச்ஆர்ஏ ஒண்ணும் கிடையாது. நீங்க வாயைத் திறக்கலேன்னா கம்பெனி புது ரெஜிம்லதான் போடும்.

ரிபேட் வரிலயே கழியறது. 2025-26 கணக்குக்கு புது ரெஜிம்ல பாருங்க, வருஷ சம்பளம் 12,75,000, அதுல சம்பளக்காரங்களுக்குப் பொதுவா கழிக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போனா 12 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்ல, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம் 20,000, அதுக்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம் 40,000, ஆக 60,000. ரிபேட்டும் அதே 60,000. கட்ட வேண்டியது பூஜ்யம். கழிச்சது போக நிக்கற வருமானம் பத்தாயிரம் கூடிப்போய் 12,10,000 ஆயிட்டா முழு வரியும் தலைல விழுந்துரும்னு பயப்படாதீங்க, மார்ஜினல் ரிலீஃப்னு ஒண்ணு இருக்கு, கூடுன அந்த பத்தாயிரமும் அதுக்கு 4 சதவீத செஸ்ஸும்தான் (வரி மேல போடற கூடுதல் வரி) கட்டணும்.

டிடிஎஸ் சலுகையே இல்ல, உங்க பணத்தை முன்கூட்டியே புடிச்சு வெச்சிருக்கறது. பேங்க் எஃப்டி வட்டிலயும் புடிப்பாங்க. உங்க பேர்ல எவ்வளவு புடிச்சிருக்காங்கன்னு காட்டற 26ஏஎஸ் எடுத்துப் பாத்து, கட்ட வேண்டியதை விட கூட புடிச்சிருந்தா ரிட்டர்ன் போட்டு திருப்பி வாங்கிக்கலாம், போடாம விட்டா அது அப்படியே கெடக்கும். வரி வராத 60 வயசு தாண்டுன பெரியவங்க வருஷ ஆரம்பத்துலயே பேங்க்ல 15ஹெச் (வரி புடிக்க வேண்டாம்னு எழுதிக் குடுக்கற ஃபாரம்) குடுத்துட்டா புடிக்கவே மாட்டாங்க.

அப்புறம் லாட்டரி, நம்ம எல்லைல இதைச் சொல்லாம விட முடியாது. கேரளா லாட்டரில 10,000 ரூபாய்க்கு மேல ப்ரைஸ் விழுந்தா 30 சதவீதம் டிடிஎஸ், ஸ்லாப் கணக்கு இல்ல, 80சி இல்ல, புது ரெஜிம்ல ரிபேட்டும் இல்ல. வேற வருமானமே இல்லாத ஆளா இருந்தாலும் 4 லட்சம் வரைக்கும் வரி இல்லைங்கற சலுகை இந்தப் பணத்துக்கு ஒட்டாது. ஒரு லட்சத்துக்கு 30,000 புடிச்சதோட முடிஞ்சுதுன்னு விட்றாதீங்க, செஸ் 1,200 பாக்கி நிக்கும், ரிட்டர்ன் போடறப்ப அதையும் கட்டிருங்க.