மீனின் தலையைக் கவ்விப் பிடிக்கும் ஆற்று மட்டி

“ஆற்று மட்டிக்கு நீந்தத் தெரியாது. தண்ணீரோ கீழ்நோக்கித்தான் ஓடுகிறது. இந்நேரம் எல்லா மட்டியும் கடலுக்குப் போயிருக்க வேண்டாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. அவை மீனில் ஏறித்தான் மேலே போகின்றன.

ஆண் மட்டி விந்தணுவை நீரில் விடும். பெண் அதை உள்ளிழுத்து, தன் செவுளுக்குள்ளேயே இளவுயிரிகளை வளர்க்கும். குளோகிடியம் எனப்படும் இந்த இளவுயிரி ஏதாவது ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிச் சில வாரங்கள் கழித்தால்தான் குட்டி மட்டியாக மாறும். பெரும்பாலான இனங்களுக்கு வேறு வழியில்லை. அதிலும் எல்லா மீனும் ஒத்துவராது.

சரி, இருந்த இடத்திலேயே கிடக்கும் மட்டி, மீனை எப்படிப் பிடிக்கும்? சில இனங்கள் தங்கள் சதை மடிப்பைக் குட்டிமீன் போல ஆட்டி ஏமாற்றும். வட அமெரிக்காவின் ஸ்னஃப்பாக்ஸ் மட்டிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. பெண் மட்டி நாலரை சென்டிமீட்டர்தான் இருக்கும். ஓட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆற்றுப்படுகையில் காத்திருக்கும். லாக்பெர்ச் என்ற மீனுக்கு, மூக்கால் கல்லைப் புரட்டிப் பூச்சி தேடுகிற பழக்கம் உண்டு. அது இந்த ‘கல்லை’யும் முட்டும். டப்பென்று ஓடு மூடிக்கொள்ளும். விளிம்பில் உள்ள பல் போன்ற முட்கள் மீனின் தலையை நழுவவிடாது. பிறகு மட்டியின் சதை உப்பி, குக்கர் மூடியின் ரப்பர் வளையம் மாதிரி மீனின் முகத்தைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். அப்புறம்தான் குளோகிடியங்களைப் பீய்ச்சும். மீன் மூச்சுவிட்டாக வேண்டும். அந்த மூச்சோடு அவை செவுளுக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் மீனுக்கு விடுதலை. லாக்பெர்ச்சின் மண்டை கெட்டியானது, அதனால் தாங்குகிறது. சிறிய டார்ட்டர் மீன்கள் மாட்டினால் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

ஆகவே லாக்பெர்ச் வராத ஆற்றில் ஸ்னஃப்பாக்ஸுக்கு வாரிசு இல்லை. அணை கட்டினால் மீனின் வழி அடைபடும். வண்டல் படிந்தால் புரட்டக் கல்லே இருக்காது. 1980களின் இறுதியில் வட அமெரிக்காவின் பேரேரிகளுக்குள் நுழைந்த வரிக்குதிரை மட்டிகள் வேறு, உள்ளூர் மட்டிகளின் மேலேயே கொத்தாக ஒட்டிப் பட்டினி போடுகின்றன. 2012இல் அமெரிக்கா ஸ்னஃப்பாக்ஸை அழிநிலை இனமாக அறிவித்தது. கனடாவில் ஒன்டாரியோவின் சிடன்ஹம், ஒசேபிள் ஆறுகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதன் நெருங்கிய உறவினங்கள் சில ஏற்கெனவே பூண்டோடு போய்விட்டன. 2023இல் அமெரிக்கா அழிந்ததாக அறிவித்த 21 உயிரினங்களில் 8 நன்னீர் மட்டிகள்.

ஆற்றில் கல்போலக் கிடப்பதை ஆராய்வதற்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எந்த மட்டிக்கு எந்த மீன் என்று யாரோ தொட்டி தொட்டியாக வைத்துப் பார்த்திராவிட்டால், இன்று காப்பாற்றும் வேலையைத் தொடங்கவே முடிந்திருக்காது. வேலை அந்த அறிவை நம்பித்தான் நடக்கிறது: பண்ணையில் வளரும் மீனின் செவுளில் குளோகிடியங்களை ஒட்டவைத்து, உதிரும் குட்டிகளைச் சல்லடையில் சேகரித்து, கொஞ்சம் வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். விடும் இடத்தில் லாக்பெர்ச் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறார்கள்.